வேகம்: இயல்பு

ஒரு சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு சொல்லை எழுதினேன். மூன்று பேருக்கு வேலை போயிற்று. அந்த மூவரில் ஒருவர் இன்றைக்கும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்... நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

என் தொழிலின் பெயர் ப்ராசஸ் இம்ப்ரூவ்மென்ட். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்து, எங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்து, சீராக்கிக் கொடுப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! துபாயில் கண்ணாடி அறை, இளைஞர்களுக்குப் பயிற்சி வகுப்பு, "சார் சார்" என்று சுற்றி நாலு பேர்... எல்லாம் இந்தத் தொழில் கொடுத்ததுதான். இவையெல்லாம் தொடங்கிய இடம் ஓமானில், சோஹாரில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் பேக்கிங் ஷெட்.

அங்கே எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். டைல்ஸைத் தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, பட்டி போட்டு, மரப்பலகை மேல் ஏற்றவேண்டும். ஆறு பேர் தமிழர்கள், இரண்டு பேர் பீகாரிகள். எல்லோருக்கும் மூத்தவர் முருகையன் அண்ணன். அறந்தாங்கிப் பக்கம். கல்ஃபுக்கு வந்து பதினான்கு வருடம். வலது முழங்காலில் தீராத வலி. ஊரில் மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

நான் பட்டுக்கோட்டைக்காரன், புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர். வெள்ளிக்கிழமைகளில் அவர்களுடைய கேம்ப் ரூமில்தான் எனக்குச் சாப்பாடு. "எஞ்சினியருன்னா பசிக்காதா? சாப்புடு தம்பி" என்று இன்னொரு மீன் துண்டைத் தட்டில் வைப்பார் அண்ணன். அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் நான் வாயைத் திறந்தேன். "அடுத்த வாரம் உங்க ஷெட்லதாண்ணே அளக்கப் போறேன். இது சரியா வந்தாத்தான் என்னை பர்மனென்ட் பண்ணுவாங்க." அது புலம்பலா, தூண்டிலா? இத்தனை வருடம் கழித்தும் எனக்கே விளங்கவில்லை!

ஸ்டாப் வாட்சோடு ஒருவன் உள்ளே வந்தால், அந்த ஷெட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கைகள் தாமாக மெதுவாகிவிடும். தூக்கிய பெட்டியைக் கீழே வைத்து மறுபடி தூக்குவார்கள். கையுறையைக் கழற்றி உதறி மாட்டுவார்கள். இன்றைக்குக் காட்டுகிற வேகம்தான் நாளைக்கு டார்கெட் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் அளக்கப் போன இரண்டு பேரும் மூக்குடைபட்டுத் திரும்பினார்கள்.

மூன்றாவதாக நான் போனேன். வாட்சை எடுத்ததுமே அண்ணன் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டேய், நம்ம தம்பி மொத மொதல்ல வந்திருக்கு. அதோட பேரு கெடக்கூடாது. விட்டுக் குடுத்துராதீங்கடா... யல்லா!"

செய்தார்கள் பாருங்கள்! அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தமிழ் தெரியாத பீகாரிகள்கூட வேகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. வழக்கமாக மணிக்கு ஒரு தரம் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்கிற அண்ணன், அன்றைக்கு உட்காரவே இல்லை. நடுவில் ஒரு தரம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எங்கள் படிவத்தில் 'வேகம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அளந்த நேரம் மட்டும் போதாது. தொழிலாளி எந்த வேகத்தில் செய்தான் என்று அளந்தவன் எழுதவேண்டும். 'அதிகம்' என்று எழுதினால் டார்கெட்டைத் தளர்த்திக் கொடுப்பார்கள். எவனாலும் நாள் முழுக்க அப்படி ஓட முடியாது அல்லவா? தொழிலாளிக்கென்று இருக்கிற ஒரே கட்டம் அது. நான் பென்சிலால் 'அதிகம்' என்றுதான் எழுதினேன். ஆமாம், முதலில் அப்படித்தான் எழுதினேன்!

மதியம் மேலாளர் என் நோட்டில் நேரங்களை மட்டும் பார்த்தார். "அச்சா! அஞ்சு பேரே போதும்போல இருக்கே. இது அவங்க வழக்கமா செய்ற வேகம்தானே?" என்று இந்தியில் கேட்டார்.

மிரட்டவில்லை. கேள்விதான் கேட்டார். இல்லை சார், என் மேலுள்ள பிரியத்தில் ஓடினார்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் "ஜீ சார்" என்றேன். என் இடத்துக்கு வந்து, ரப்பரால் அழித்து, 'இயல்பு' என்று பேனாவால் எழுதினேன். கை நடுங்கியது என்று சொன்னால் நீங்கள் கொஞ்சம் இரக்கப்படுவீர்கள்... ஆனால் நடுங்கவில்லை.

ஒரே மாதத்தில் மூன்று பேரை ஊருக்கு அனுப்பினார்கள். புதிய டார்கெட்டுக்கு முழங்கால் ஒத்துழைக்காத முருகையன் அண்ணன்தான் முதல் ஆள். கேம்ப் வாசலில் அவருடைய அட்டைப்பெட்டியை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். ஆர்டர் குறைந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். நான் திருத்தவில்லை.

"கம்பெனிக்கே நேரஞ் சரியில்ல தம்பி, என்ன பண்றது? நீ மனச விட்றாத. உனக்கு ஒண்ணும் ஆவாது" என்று என் தோளைத் தட்டினார். எனக்கு ஆறுதல் சொன்னார்!

எனக்கு ஒன்றும் ஆகவில்லைதான். பர்மனென்ட் ஆனேன். அந்த ஷெட்டைக் காட்டித்தான் துபாய் வேலையையும் வாங்கினேன். எட்டுப் பேர் வேலையை ஐந்து பேரால் முடித்த கதையை இன்றும் வகுப்பில் சொல்கிறேன், கைதட்டுகிறார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "அன்னைக்கு வேகத்தை எப்படி சார் மதிப்பிட்டீங்க?" என்று கேட்டாள். நேரமில்லை என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டேன்.

இப்போது எந்த ஊருக்கு அளக்கப் போனாலும் தமிழன் என்று காட்டிக்கொள்வதில்லை. சவுதியில், ஜுபைலில் ஒருவர், "சாருக்கு நம்ம பக்கமா?" என்று ஆசையாகக் கேட்டார். இந்தியில் ஏதோ சொல்லி நகர்ந்தேன். இதை மனசாட்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொருவர் எனக்காக ஓடிவிடுவாரோ என்ற பயம்... ஓடினால் நான் மறுபடியும் என்ன எழுதுவேன் என்ற பயம்!

தீபாவளிக்குத் தீபாவளி அண்ணன் போன் செய்வார். மகள் படிப்பு பாதியிலேயே நின்றது. அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். போன தீபாவளிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பெரிய ஆளாயிட்டியாமுல்ல தம்பி! இங்க எல்லாருகிட்டயும் சொல்லுவேன். அன்னைக்கு நாங்க எட்டுப் பேரும் ஒன்னய விட்டுக் குடுக்கலல்ல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இல்லண்ணே" என்றேன்.

"அது போதுந் தம்பி" என்று சிரித்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "ஏ பாப்பா, துபாய்ச் சித்தப்பா லைன்ல இருக்காங்க, வந்து ரெண்டு வார்த்த பேசு" என்று மகளைக் கூப்பிட்டார்.

அவள் நடந்து வருகிற கொலுசுச் சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.