ஈயக் குட்டை ஓரம் அவள் போன பாதை

போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். மலாக்காவில் நியாலாஸுக்குப் போகிற சாலையிலிருந்து விலகி, செம்பனைத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போனால் பழைய ஈயச் சுரங்கம் ஒன்று வரும்; லம்பம் என்பார்கள். ஈயம் தோண்டுவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிவிட்டது. தோண்டிய குழிகள் தண்ணீர் நிறைந்து குட்டைகளாகக் கிடக்கின்றன. மணல் மேடுகளைச் சமப்படுத்தி, புல் பரப்பி, சவுக்கும் அக்காசியாவும் நட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் நான் தொடைவரை சேற்றில் புதைந்து, கைக்கு எட்டாத தூரத்தில் விழுந்து கிடந்த என் மனைவியின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சைக்கிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள். ஐம்பது வயதில் திடீரென்று ஒரு கிராவல் சைக்கிள் வாங்கினாள். தடித்த டயர், ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த பிடி. தார் ரோட்டிலும் ஓடும், கல்லிலும் மணலிலும் ஓடும். எங்கள் தாமான் குடியிருப்பில் நான்கைந்து பெண்களாகச் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக நின்றுபோக, இவள் மட்டும் விடவில்லை. ஞாயிறு விடிந்தால் காரின் பின்சீட்டை மடக்கி, சைக்கிளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, "வாங்களேன்" என்பாள். நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். ஆறு நாள் நின்றுகொண்டே வேலை. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோபாவும் பேப்பரும் போதும். திரும்பி வந்ததும் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டுவாள். ஒரு நாள் அதைப் பார்த்து, "தண்ணியும் மணலும்தானே, இதப் போய் என்னத்தப் பாக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவள் கைப்பேசியை அணைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு படம் காட்டுவதும் நின்றுபோனது.

ஓய்வு பெற்ற பிறகும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றே தள்ளிப்போட்டு வந்தேன். நாலாவது மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. சொல்ல நினைப்பதெல்லாம் அவளுக்குள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை என்றார் டாக்டர். நாம் பேசுவது அவளுக்கு முழுக்கப் புரியும். அவளிடமிருந்து வருவது ஒன்றிரண்டு ஒலிகள்தான்.

சைக்கிள் கார் நிறுத்துகிற இடத்தில் தூசி படிந்து நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து அவள் வேதனைப்படுவாளோ என்று நினைத்து, உறவுக்காரப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தாள். பிறகு சைக்கிளைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், வெளியே தெருவைக் காட்டினாள். மறுபடியும் அதே வரிசையில் காட்டினாள். சைக்கிளை உள்ளே எடுத்து வைக்கச் சொல்கிறாள் என்று நான் உருட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என்னைப் போகச் சொல்கிறாள் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஒரு மாதம் தாமானுக்குள்ளேயே ஓட்டிப் பழகினேன். பிறகு அவளுடைய கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். அவள் ஓட்டிய பாதையெல்லாம் அதில் நீலக் கோடுகளாகப் பதிவாகியிருந்தன. எல்லாக் கோடுகளும் அந்த ஈயக் குட்டைப் பக்கமே போயின. கடைசியாகப் போன நாளின் கோட்டை என் கைப்பேசிக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, பக்கத்து வீட்டு அம்மா பத்து மணிவரை அவளோடு இருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் அவர் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். பத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கே காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனேன்.

தோட்டத்துச் செம்மண் பாதை முடிந்து லம்பத்து மணல் ஆரம்பித்ததும், உண்மையைச் சொல்கிறேன், காலை ஊன்றி அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், சவுக்குத் தோப்பில் காற்றுச் சத்தம். படத்தில் நான் பார்த்த அதே தண்ணீரும் மணலும்தான். அவளைக் கூப்பிட்டு, "ஏன்டி இப்படியொரு இடம் இருக்குன்னு சொல்லல" என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அவள் சொல்லாமலா இருந்தாள்?

நீலக் கோடு குட்டை ஓரமாக இருந்த சாம்பல் நிறத் திட்டு ஒன்றின் நடுவே நேராகப் போனது. அது காய்ந்த தரை மாதிரிதான் தெரிந்தது. அவள் போயிருக்கிறாள், நாமும் போகலாம் என்று இறங்கினேன். பாதி தூரத்தில் முன்சக்கரம் புதைந்து, நான் தூக்கியெறியப்பட்டு விழுந்தேன். எழுந்து நின்றதுதான் தப்பு. முழங்கால்வரை உள்ளே போனது. ஒரு காலை இழுக்க, இன்னொரு கால் தொடைவரை இறங்கியது. கைப்பேசி சைக்கிள் பிடியில் மாட்டியபடி எட்டாத தூரத்தில் கிடந்தது.

என் உயிரைப் பற்றிய பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதைத் தாண்டியிருந்தது. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் என் மனைவி தனியாக இருப்பாள். தாகமெடுத்தால் தானாக எழுந்து தண்ணீர் குடிக்க முடியாது. யாருக்கும் போன் செய்ய முடியாது. செய்தாலும் என்ன சொல்வாள்? நான் திரும்பி வராவிட்டால், என்னை அனுப்பியது தான்தான் என்று நினைத்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் வெறிபிடித்த மாதிரி உதறினேன். உதற உதற இன்னும் இறங்கினேன். தொண்டை வறளக் கத்தினேன்.

சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் புல்லறுக்கும் அரிவாள். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகளுக்குப் புல் அறுக்க வருவாராம். கரையிலேயே நின்று, "அண்ணே, ஆடாதீங்க. அப்படியே மல்லாக்கச் சாஞ்சிருங்க" என்றார். சேற்றில் சாயவா என்று நான் தயங்கினேன். "நின்னா முழுங்கிரும்ணே. படுத்தா தாங்கும். சாயுங்கலா" என்று அதட்டினார். சாய்ந்தேன். அவர் சொன்னது சரிதான், இறங்குவது நின்றது.

செம்பனை மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து கரையிலிருந்து என்வரை வரிசையாகப் பரப்பினார். அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து, இன்னொரு மட்டையை என் முதுகுக்குக் கீழே செருகினார். அவசரப்படாமல் காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுக்கச் சொன்னார். முதல் கால் வெளியே வரவே கால்மணி நேரம் பிடித்தது. மட்டை முள் இரண்டு பேர் கையையும் கிழித்தது. ஒருவழியாகக் கரைக்கு வந்து விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரு நீளக் கம்பால் சைக்கிளைக் கொக்கிபோட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

இழுத்தவர் அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"இது அக்கா சைக்கிளாச்சே" என்றார். "அக்கா எங்கண்ணே?"

கைப்பேசியைத் துடைத்து முதலில் வீட்டுக்குப் போன் செய்தேன். பத்தாக ஐந்து நிமிடம். பக்கத்து வீட்டு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாராம். நான் வரும்வரை இருப்பதாகச் சொன்னார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

நடந்ததையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நான்கு வருஷமாக என் மனைவி ஞாயிறுதோறும் அங்கே வந்து, சவுக்கு நிழலில் அரைமணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசுவாளாம். கொண்டுவந்த தேநீரை இருவரும் பகிர்ந்து குடிப்பார்களாம். அந்தச் சாம்பல் திட்டு வெயில் காலத்தில் சிமெண்டு போல இறுகிக் கிடக்கும், மழை பெய்தால் ஆளை விழுங்கும்; அதை அக்காவிடம் எச்சரித்ததே தான்தான் என்றார்.

"ஒருநாள் திடீர்னு வரல. நான் ஏதோ தப்பா பேசிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்ணே. நம்பர்கூட வாங்கி வைக்கல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்தப் பாதையத்தான் பாத்துக்கிட்டே புல்லறுப்பேன்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உங்களப் பத்திதான் பேசுவாங்க. 'அவரு ரிட்டயர் ஆகட்டும், கூட்டிட்டு வர்றேன்'னு."

நான் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் காய்ந்த சேறு தோலை இழுத்துக்கொண்டிருந்தது. மெதுவாக எழுந்து, அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கிளம்பும்போது அவரே, மேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்து லோரிப் பாதை குட்டைவரை வருகிறது, கார் தாராளமாக வரும் என்றார்.

அடுத்த ஞாயிறு மனைவியைக் காரில் உட்காரவைத்து அழைத்துப் போனேன். அந்தப் பெண் துவைத்துக் கட்டிய சேலையில் எங்களுக்காக நின்றிருந்தார். கார்க் கதவு வழியாக என் மனைவி இடது கையை நீட்டி அவர் கன்னத்தைத் தடவினாள். அவர் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். என் மனைவியின் பார்வை தண்ணீரில் நிற்கவில்லை. மேட்டிலிருந்து வளைந்து இறங்குகிற மணல் பாதையிலேயே இருந்தது. அதில் எத்தனை முறை காற்றில் தலைமுடி பறக்க இறங்கியிருப்பாள். நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் சத்தமில்லாமல் அழுதாள். ஆறியிருந்த புண்ணைக் கீறிவிட்டோம், இனி இங்கே அழைத்து வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் அதற்கடுத்த ஞாயிறு விடியற்காலையில் நான் அறைக்குள் போனபோது, அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எப்படியோ நகர்ந்து, அலமாரிக்கு அடியில் கிடந்த தன் சப்பாத்து இரண்டையும் இடது காலால் இழுத்து வைத்திருந்தாள். ஒன்றை இடது காலில் தானே மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றை நான் மாட்டிவிட வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து மழையில்லாத ஞாயிறுகளில் போகிறோம். அவளும் அந்தப் பெண்ணும் கார் நிழலில் இருப்பார்கள். நான் அவளுடைய சைக்கிளில் கெட்டியான பாதையாகப் பார்த்து ஒரு சுற்றுப் போய்வந்து, எங்கே நாரை நின்றது, எந்தக் குட்டையில் தாமரை பூத்தது என்று அவளிடம் சொல்வேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பாள். அதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். இப்போதெல்லாம் ஞாயிறு விடிந்ததும் வாசலில் நின்று அவளைக் கூப்பிடுகிறவன் நான்தான். ஆனால் சுற்றிவந்து அந்த மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம், கீழேயிருந்து அவள் குரல் ஒரே ஒரு தடவை "வாங்களேன்" என்று கூப்பிடாதா என்று ஏங்கிவிட்டுத்தான் இறங்குகிறேன்.