நாலு தராசின் மேல் ஒரு கார்

அவர் சந்தைக்குள் நுழைந்தால் கடைக்காரர்கள் முதலில் தராசைத் துடைப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். எடையளவு ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, ஒழுங்காக இருந்தால் முத்திரை குத்தி, இல்லாவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிற உத்தியோகம். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர், தராசின் ஒரு காலுக்கு மட்டும் காகிதம் மடித்து வைத்தவர், கட்டைவிரலால் வியாபாரம் செய்தவர் எல்லாரும் அவர் கையில் மாட்டியிருக்கிறார்கள். யாரிடமும் அவர் குரலை உயர்த்தியதில்லை. "உங்க தராசுக்கு உடம்பு சரியில்லைங்க" என்பார். அதைக் கேட்டவனுக்கு அன்றைக்கு வியாபாரம் போச்சு.

இதே மனிதர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுகிறார் என்று சொன்னால் சந்தை நம்பாது. டிராக்கில் அவரைப் பார்த்தவர்களும் அதை ஓட்டுவது என்று ஒப்புக்கொள்ளவில்லை. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து சுற்றலாம் என்று டிராக்கைத் திறந்துவிடும் நாள் அது. பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. மற்றவர்கள் எஞ்சினுக்கு இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார்கள். இவருக்குக் கழற்றுவதில்தான் மோகம். கார் இளைத்தால் தானாக வேகம் வரும் என்பது சித்தாந்தம். அதனால் அங்கே அவருக்குப் பெயர் 'கிராம்'.

பழைய இரண்டு கதவுக் கார். பின் சீட்டு முதலில் போனது. தரைவிரிப்பு, ஸ்டெப்னி, ஹீட்டர், ரேடியோ, கதவின் உள்பலகைகள் எல்லாம் அதைத் தொடர்ந்தன. பாதுகாப்புக்கு உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தியே ஆகவேண்டும் என்று டிராக்கில் சொன்னபோது, அது கூட்டிய எடையை நினைத்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல ஷாக் அப்சார்பர், சூடு தாங்கும் பிரேக், ஒட்டிப் பிடிக்கும் டயர் என்று சம்பளம் மாதாமாதம் சக்கரத்துக்கு அடியில் போனது. இத்தனைக்கும் பிறகு சுற்றும் நேரக் கணக்கில் கடைசியிலிருந்து இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவார். வளைவு நெருங்கினால் எல்லாருக்கும் முன்பாகவே பிரேக்கில் கால் வைத்துவிடுவார்.

"கிராம் அண்ணே, காரு பறக்கத் தயாரா நிக்குது. நீங்கதான் காலப் பிடிச்சு இழுத்து வச்சிருக்கீங்க" என்பார் டயர்க்கடைக்காரர். டிராக்கில் அவருக்கு இருந்த ஒரே நண்பர், ஆகவே மிகப் பெரிய விரோதி.

காரிலிருந்து கழன்ற பக்கத்துச் சீட்டு வீட்டு முன்னறைக்கு வந்தது. அங்கே அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தார். மரச்சட்டத்தில் ஏற்றி வைத்த அந்தச் சீட்டில்தான் அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருவார்கள். பாதிப்பேர் பழக்கதோஷத்தில் தோளுக்குப் பின்னால் பெல்ட்டைத் தேடிவிட்டு அசடு வழிவார்கள்.

"என் சீட்டக் கழட்டிட்டீங்க. நாளைக்கு நான் எங்க உக்காருறது?"

"டிராக்ல பக்கத்துல ஆள் கூடாதும்மா."

"காரை இளைக்க வைக்க இவ்வளவு செலவு. ராத்திரி சாப்பாட்டப் பாதியாக் குறைச்சா ஓசியிலேயே ஆகிடும்."

"அது வேற, இது வேற."

"எது வேற? ரெண்டும் ஒரே சீட்டுலதானே உக்காருது?"

கார் இளைத்த வேகத்திலேயே அவர் பருத்துக்கொண்டிருந்தார்.

உட்காரச் சீட்டு இல்லாமல் போனாலும் அந்த அம்மாவுக்குக் காரில் ஓர் உத்தியோகம் இருந்தது. டிராக்குக்குப் போகுமுன் காரின் நாலு சக்கரத்தையும் நாலு தராசுப் பலகை மேல் நிறுத்தி, எந்த மூலை எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மூலை சோம்பேறியாக இருந்தால் கார் நொண்டி நாற்காலி மாதிரி வளைவில் ஆடும். அந்த மூலை ஸ்பிரிங்குக்கு அடியில் உள்ள வளையத்தைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் ஓட்டுகிறவரின் பாரமும் சீட்டில் இருக்க வேண்டும். வளையத்தைத் திருகுகிறவரும் அவரே. ஒரே ஆள் சீட்டிலும் காருக்கு அடியிலும் இருக்க முடியாதல்லவா? அதனால் மனைவி ஏறி உட்காருவார். அவருக்கும் கணவருக்கும் உள்ள எடை வித்தியாசம், ஒரு பெரிய மணல் மூட்டையாக அவர் மடியில் ஏறும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், சனிக்கிழமை மாலைகளில் நடக்கிற சடங்கு இது.

"ஏங்க, மூச்சு விடலாமா?"

"விடு. ஆனா ஆடாத."

"கல்யாணத்துக்கு முன்னாடி கூட யாரும் என்ன இப்படி எடை போட்டுப் பாக்கல."

காருக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அந்த ஆள் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை நாலு பலகையையும் கூட்டிப் பார்த்தவர் துள்ளிக் குதிக்காத குறை. அந்த மாதம்தான் லேசான பேட்டரியும் மெல்லிய சைலன்சரும் போட்டிருந்தார். அவை குறைக்க வேண்டிய எடை குறைந்திருந்தது. அதற்கு மேலும் மூன்று கிலோ குறைந்திருந்தது. உடனே டயர்க்கடைக்காரருக்கு போன்.

"மிச்ச மூணு கிலோ எங்கண்ணே போச்சு?"

"சின்னச் சின்னதாக் கழட்டினதெல்லாம் சேர்ந்து இப்பக் காட்டுதுப்பா."

"அண்ணே, நீங்க சாதிச்சிட்டீங்க."

ஞாயிறன்று டிராக்கில் எல்லாருக்கும் அவர் செலவில் டீ. மூன்று கிலோ குறைந்ததற்காகக் கொண்டாடினார் என்பதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் அவரே அதை மறக்கவில்லை.

அடுத்த முறை காரில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. பெட்ரோல் அதே அளவு, மணல் மூட்டை அதே மூட்டை. நாலு கிலோ குறைந்தது. இம்முறை அவர் முகம் சந்தைக்குப் போகும் முகமாக மாறியது. அவருடைய சர்வீஸில் தட்டில் கிடந்த பொருளைச் சந்தேகப்பட்டதே இல்லை. உருளைக்கிழங்கு பொய் சொல்லாது, தராசுதான் சொல்லும். பலகைகளை விற்ற கம்பெனிக்கு போன் போட்டார்.

"உங்க தராசுக்கு உடம்பு சரியில்லைங்க."

"சார், நாலும் ஒரே சமயத்துல கெட்டுப் போகாது சார்."

"எல்லாத் திருடனும் அதத்தான் சொல்றான்."

பலகைகள் பார்சலில் போயின. சில வாரம் கழித்து, குறை எதுவும் இல்லை என்று திரும்பி வந்தன. இவருக்கு ரோஷம் வந்து மறுபடி அனுப்பினார். இலையுதிர்காலம் இப்படித் தபாலில் கழிந்தது.

அவர் மனைவியோ தையல்காரி. மற்றவர்களுக்கு உடம்பு இளைத்தால், ரவிக்கையோ கோட்டோ, முதலில் தெரிவது துணியில்தான். அந்த அம்மா தன் உடுப்புகளை ஒவ்வொன்றாக இரு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் சுத்தம், எந்த உடுப்பும் தொளதொளக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு, அளவெடுத்துத் தைத்த உடுப்பில் அளவான ஒரு பெண் தெரிந்தார். தட்டில் பாதி மீந்ததைப் பார்த்து, "பசிக்கலயா?" என்று கேட்டதுண்டு. "மத்தியானம் நிறையச் சாப்பிட்டேன்" என்ற பதிலோடு அந்த விசாரணை முடிந்துவிடும்.

பலகைகள் இரண்டாம் முறை திரும்பி வந்ததும், செய்யவே கூடாத ஒன்றைச் செய்தார். அலுவலகத்திலிருந்து சோதனை எடைக்கற்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பித்தளையும் இரும்புமாக, நாட்டின் எல்லாத் தராசுகளுக்கும் தகப்பன் மாதிரியான கற்கள். கார் ஒரு பக்கம் நிற்க, நாலு பலகையிலும் மாற்றி மாற்றி வைத்தார். ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. மறுபடி வைத்தார். தலைகீழ் வரிசையில் வைத்தார். பலகைகள் யோக்கியமாக நின்றன.

மனைவி காருக்குள் தயாராக, மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? பிடிச்சுட்டீங்களா திருடன?"

"கொஞ்சம் இறங்கி வாயேன்."

"செருப்பக் கழட்டட்டுமா?"

"கழட்டு."

அந்த அம்மா ஒற்றைப் பலகை மேல் ஏறி நின்றார். அவர் குனிந்து பார்த்தார். இத்தனை மாதமாக இரண்டு பார்சலில் அனுப்பித் தேடிய எடை, அங்கே இல்லாமல் இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா. தைக்கும்போதே தெரிஞ்சது."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் மாசாமாசம் எடை போட்டுப் பாக்குறீங்களே. ஒண்ணும் சொல்லலயேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். பயமாவும் இருந்துச்சு."

டாக்டர் நல்ல மாதிரி. ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார், கடிந்துகொள்ளாமல். எவ்வளவு முன்னாடி என்று இவர் கேட்கவில்லை. தராசுக் கம்பெனியின் பெயர் அச்சிட்ட இரண்டு அட்டைப்பெட்டிகள் கொட்டகையில் மடித்து வைத்தபடி இருந்தன.

காரை மூடி வைத்துவிட்டு அவர் வீட்டோடு இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வாடகை வண்டி. அவருடைய காரில்தான் இரண்டாவது ஆளுக்கு இடம் இல்லையே. வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் முன்னறைச் சீட்டில் உட்கார்ந்து மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படி வச்ச கண் வாங்காம பாத்தா ஊசி எப்படிங்க கோர்க்கிறது? நீங்க டிராக்குக்குப் போங்க."

"ஒண்ணும் வேணாம்."

"நான் உக்காருறேன், நீங்க திருகுங்க. எனக்கும் சும்மா இருந்து அலுத்துப் போச்சு."

ஆக, சனிக்கிழமைகள் திரும்பி வந்தன. பெரிய மூட்டையோடு ஒரு சின்ன மூட்டை சேர்ந்தது. பிறகு இன்னொன்று. "எவ்வளவுங்க?" என்று அந்த அம்மா உள்ளேயிருந்து கேட்பார். எடையில் பொய் சொல்ல இவருக்குத் தெரியாது. வேறு எதிலாவது சொல்லியிருப்பார், எண்ணில் வராது. உள்ளதைச் சொல்லுவார்.

"இன்னும் கொஞ்ச நாள்ல மூட்டையே போதும். எனக்கு ரிட்டயர்மெண்டு" என்றார் அந்த அம்மா ஒரு நாள். காருக்கு அடியிலிருந்து சிரிப்பு வரவில்லை. திருக வேண்டிய வளையத்தைத் திருகி முடித்த பிறகும் அவர் வெகுநேரம் அங்கேயே படுத்திருந்தார்.

குளிர் கூடியது. அந்த அம்மா கம்பளிக் கோட்டோடுதான் உட்காருவேன் என்றார். சரி என்று இவர் கோட்டைத் தனியாகப் பலகையில் போட்டு எடை பார்த்து வைத்துக்கொண்டார். மொத்தத்தில் அதைக் கழித்துவிடுவார்.

அப்புறம் வந்த ஒரு சனிக்கிழமை, எண் ஏறியிருந்தது. கூட்டினார், கோட்டைக் கழித்தார், மறுபடி கூட்டினார்.

"எவ்வளவுங்க?"

"ஒரு கிலோ... ஒரு கிலோ கூடியிருக்கு."

"பாத்தீங்களா? மருந்து வேலை செய்யுது. அந்தச் சின்ன மூட்டைல ஒண்ண எடுங்க, காலெல்லாம் மரத்துப் போச்சு."

மூட்டைகளை எல்லாம் எடுத்தார். பள்ளமான சீட்டு, தானாக எழுந்திருக்க அந்த அம்மாவுக்குத் தெம்பில்லை. இவர் குனிந்து இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். கோட்டின் ஓரம் சீட்டின் அலுமினியத்தில் இடித்து, துணி எழுப்பாத ஒரு சத்தம் எழுப்பியது. கீழே நிறுத்தியபோது அந்தக் கோட்டு மடிப்புக் கலையாமல் செங்குத்தாகத் தொங்கியது. அவர் கைகளுக்கு அந்த அம்மா போன முறையைவிட லேசாக இருந்தார்.

அவர் சுவரலமாரியைப் பார்த்தார். சக்கரத்தைச் சமன் செய்ய விளிம்பில் ஒட்டுகிற ஈயத்துண்டுகள் ஒரு பொட்டலம் மேல் தட்டில் இருக்கும். இல்லை. உள்துணியைப் பிரித்து, ஓரத்தோடு ஈயத்தை வைத்து, வெளியே ஒரு பொட்டுத் தெரியாமல் மூடித் தைக்கிற வேலைக்கு அந்த வீட்டில் ஓர் ஆள்தான் உண்டு. ஊரிலுள்ள அத்தனை தில்லுமுல்லையும் பார்த்தவர் அவர். இவ்வளவு நேர்த்தியானதை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

"என்ன பாக்குறீங்க? முத்திரை குத்துவீங்களா மாட்டீங்களா?"

"குத்தியாச்சு" என்றார்.

காரைப் பொறுத்தவரை கணக்கு சுத்தம். சீட்டில் அவருடைய பாரம் முழுசாக இருந்தது. அதில் எவ்வளவு மணல், எவ்வளவு ஈயம், எவ்வளவு மனைவி என்று காருக்கு அக்கறை இல்லை. மறுநாள் வளைவுகளில் அது தண்டவாளத்தில் போவதுபோலத் திரும்பியது. அவர் கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தார்.

"என்னண்ணே, வீட்ல எப்படி இருக்காங்க?" என்றார் டயர்க்கடைக்காரர். அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"ஒரு கிலோ ஏறியிருக்கா. அந்த ஈயத்துண்டு இருக்கே, அதுல ஒரு பொட்டலம் குடு."

"நாலு சக்கரத்துக்கு உங்களுக்கு எதுக்கண்ணே அவ்வளவு?"

"குடேன்."

புதுப் பொட்டலத்தை அலமாரியின் மேல் தட்டில் வைக்கப் போனவர், கையை இறக்கி, எட்டிப் பிடிக்க வேண்டாத கீழ்த்தட்டில் வைத்தார். பொட்டலத்தின் வாயைக் கொஞ்சம் பிரித்தும் வைத்தார்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, பாதிக்கு மேல் மீந்து.