எதிர்த் திசையில் ஒருவர்

1. சிவப்பு மை

என் ப்ராஜெக்ட் அறிக்கை சென்னையிலிருந்து தபாலில் திரும்பி வந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதன் பக்கத்தில் வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "எதிர்த் திசையில் பூஜ்யமா? சாத்தியமில்லை. மீண்டும் கணக்கெடுக்கவும்."

அது 2003. எனக்கு நாற்பத்திரண்டு வயது. திருவண்ணாமலையில் ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக டிராப்ட்ஸ்மேன். வங்கிக் கடனுக்காக வரும் வீட்டையும் மனையையும் நான் அளப்பேன், நான் வரைவேன், மதிப்பீட்டு அறிக்கையையும் நானே எழுதுவேன். கையெழுத்து மட்டும் முதலாளி போடுவார். அந்தக் கையெழுத்தை நானே போட வேண்டுமானால் சொத்து மதிப்பீட்டிலும் மேம்பாட்டிலும் முதுநிலைப் பட்டம் வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன். இரண்டு வருடம் சனி, ஞாயிறு வகுப்புக்குச் சென்னை பஸ். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்களும் உட்கார்ந்தார்கள்.

கடைசிப் பருவத்தில் ஒரு ப்ராஜெக்ட் உண்டு. ஒரு காலி நிலத்தை எடுத்துக்கொண்டு, அதை எதற்குப் பயன்படுத்தினால் மிக அதிகப் பலன் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். நான் எடுத்தது அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய முப்பத்திரண்டு சென்ட். மலையைப் பார்த்த பக்கம். மல்லி பயிரிட்டிருந்தார்கள். உரிமையாளர் தனலட்சுமி, நாற்பது வயதுப் பெண்மணி. நிலத்துக்கு நேர் எதிரே, பாதையின் மறுபக்கத்தில், வாடகைக்கு ஒரு சோடாக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையையும் நான் பிளானில் அங்குலம் பிசகாமல் குறித்திருந்தேன்.

என் முடிவு: பன்னிரண்டு அறை லாட்ஜ், கீழே கேன்டீன். ஆதாரம்: பௌர்ணமிக் கூட்டம். பல்கலைக்கழகம் கொடுத்த படிவத்தில் கால் மணிக்கு ஒரு வரி, இரண்டு கட்டம். ஒன்று இந்தத் திசையில் போகிறவர்கள், மற்றது எதிர்த் திசையில் போகிறவர்கள். முதல் கட்டத்தில் எண் நிரம்பி வழிந்தது. இரண்டாவதில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்.

எஸ்டிடி பூத்திலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

"சார், பௌர்ணமியில எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சார் போவாங்க."

"ரோடுன்னா ரெண்டு பக்கமும்தான் ஆள் போகும், மிஸ்டர் சம்பந்தம். போனவங்க வீட்டுக்குத் திரும்பி வரமாட்டாங்களா?"

"சுத்தி வந்துடுவாங்க சார்."

"எங்க?"

"கெளம்புன எடத்துக்கே."

"எத்தனை தூரம்?"

"பதினாலு கிலோமீட்டர் சார்."

பூத்தின் மீட்டரில் ரூபாய் ஏறிக்கொண்டிருந்தது.

"எதுக்கும் இன்னொரு வாட்டி எண்ணிடுங்க," என்றார்.

அறிக்கை கொடுக்கக் கடைசி நாள், பங்குனிப் பௌர்ணமிக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமை. இந்தப் பௌர்ணமியை விட்டால் அடுத்த வருட மாணவர்களோடுதான் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. இன்னும் ஒரு வருடம் முதலாளியின் கையெழுத்து.

2. நூற்றெண்பத்தாறு அடி

அந்தப் பௌர்ணமி காலையிலேயே பிறந்துவிட்டது. நானும் எங்கள் அலுவலகச் செயின்மேன் ஏழுமலையும் விடியும்போதே டவுனிலிருந்து நடந்தோம். ஏழுமலை என்னைவிட மூன்று வயது மூத்தவர். டேப்பின் மறுமுனையை அவர் பிடித்தால் அளவில் பிசகு வராது. வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "செருப்பு வாணாம் சார். ஆபீஸ் வேலையா இருந்தாலும் அது கிரிவலம்தான்."

எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை தனலட்சுமியின் நிலத்து வேலியோரம் நின்று எண்ணினோம். நான்கு மணி நேரம், பதினாறு வரி. எதிர்த் திசையில் பதினாறு பூஜ்யம். வேலை முடிந்த திருப்தியில் கொஞ்சம் முன்னால் இருந்த நீர்மோர்ப் பந்தலுக்குப் போனோம். இரண்டாவது டம்ளர் மோரைக் குடிக்கும்போதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. அத்தனை எண்ணையும் எழுதிய ஃபீல்டு புக்கை வேலிக்கல்லின் மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

பந்தலிலிருந்து கல்லுக்கு நூற்றெண்பத்தாறு அடி. பிறகு ஒரு சாதாரண நாளில் போய் அளந்தேன்.

"ஏழுமலை, ஒரு நிமிஷம். ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடுங்க."

"எப்டி சார்? மலைய எடப்பக்கம் வெச்சிக்கினா?"

"நூறு, நூத்தியம்பது அடிதான்யா."

"ஒரு அடினாலும் நான் போமாட்டேன். வேணும்னா சுத்திப்போயி எடுத்தாரேன்."

நானே கிளம்பினேன். கிரிவலம் போகிற திசைப்படி, பாதையின் இடப்பக்கம் முழுக்கக் கூட்டம். மலையோரம் வலப்பக்கத்தில் ஒரு வண்டி அகலத்துக்குப் பாதை காலியாக இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று அந்தக் காலி இடத்தில் எதிர்த் திசையில் நடந்தேன். மணி 12.05.

"யோவ், அங்க எங்க போறே? அது சித்தருங்க நடக்கற பக்கம்!" என்றார் ஒருவர்.

"பேன்ட் சட்டையெல்லாம் நல்லாத்தான் கீது. புத்தி கம்மியாக் கீதே," என்றது ஒரு பெண் குரல்.

நாற்பது அடி போவதற்குள் ஒரு போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சார், திரும்புங்க."

"புக்கு விட்டுட்டேன் சார். அதோ, அந்தக் கல்லுதான். தெரியுது பாருங்க."

"தெரியுது. நேராப் போங்க, வந்துடும்."

"நேராப் போனா பதினாலு கிலோமீட்டர் சார்."

"அதான் சொல்றேன். வந்துடும்."

3. நேராகப் போனேன்

பங்குனி வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று எழுதத் தேவையில்லை. ஏழுமலைக்கு மட்டும் சந்தோஷம். "ஒரு பௌர்ணமிக்கு ஒன்றரைச் சுத்து சார். யாருக்குக் கெடைக்கும்?" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புத்தகம் காணாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்பதை மறக்க ஏதாவது எண்ண வேண்டியிருந்தது. கடைகளை எண்ணினேன். இடப்பக்கம் நாற்பது வரை எண்ணி விட்டுவிட்டேன். வலப்பக்கம் மொத்தமே மூன்று. அதில் இரண்டு பூட்டியிருந்தன. திறந்திருந்த கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் நின்றுவிட்டேன்.

"இன்னா சார், கால்ல முள்ளா?"

"இல்ல. இந்தப் பக்கம் ஒருத்தரும் நடக்கலையே."

"நீங்க மட்டும் என்னிக்கு நடந்தீங்க?" என்றார் ஏழுமலை.

உண்மை. எட்டு வயதிலிருந்து கிரிவலம் வருகிறேன். இன்றைய நாற்பது அடியைத் தவிர ஒருநாளும் வலப்பக்கம் நடந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வலம் வரும் சித்தர்களுக்கு என்று விட்டுவைத்த பக்கம் அது. ஆனால் என் அறிக்கையில், போகிற அத்தனை பேரையும் அந்தப் பக்கத்து லாட்ஜுக்கு வாடிக்கையாளராக எழுதி வைத்திருந்தேன். பாடப் புத்தகத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே விலை.

4.50க்குத் தனலட்சுமியின் கடை முன்னால் நின்றோம். என் ஃபீல்டு புக் சோடா பெட்டிமேல் பத்திரமாக இருந்தது.

"போற ஆளுங்ககிட்ட குடுத்து அனுப்பலாம்னு பாத்தேன் சார். நீங்க எங்க கீறீங்கன்னு தெரியல. நீங்களே வந்துடுவீங்கன்னு விட்டுட்டேன்."

இரண்டு வருடப் படிப்பில் கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன்.

"ஏம்மா, எதிர்லயே சொந்த நெலம் இருக்கு. எதுக்கு வாடகை குடுத்து இந்தப் பக்கம் கடை?"

அவர் என்னையும் ஏழுமலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் வெச்சிக்கினு சித்தருக்கா சார் சோடா விக்கறது?"

சோடா குடித்துக்கொண்டிருந்த ஏழுமலைக்குப் புரையேறிவிட்டது.

"மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?" என்றார் தனலட்சுமி. "என் கடைய மட்டும் மூணு வாட்டி டேப் வெச்சு அளந்தீங்க."

4. வைவா

வியாழக்கிழமை வரை அறிக்கையைத் திருத்தி எழுதினேன். லாட்ஜை எடுத்தேன். ஒரே பாதைக்கு இரண்டு மதிப்பு போட்டேன், இடப்பக்கம் ஜாஸ்தி, வலப்பக்கம் கம்மி. முப்பத்திரண்டு சென்ட்டுக்கு மிகச் சிறந்த பயன்பாடு இப்போது உள்ள மல்லித் தோட்டமே என்று முடித்தேன். கணக்கெடுப்புப் படிவத்தில் பதினேழாவதாக ஒரு வரி சேர்த்தேன். முதல் கட்டத்தில் "எண்ணப்படவில்லை", இரண்டாவதில் "1". நடந்ததைக் குறிக்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை நேரில் போய்க் கொடுத்தேன்.

வைவாவுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். என் பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் நேராக இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார்.

"பதினாறு பூஜ்யம். அப்பறம் ஒண்ணு. இது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்களா?"

"நாப்பது அடி சார். அதுக்குள்ள போலீஸ் நிறுத்திட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: மறு எண்ணிக்கை, வேலிக்கல், மோர்ப் பந்தல், காலிப் பக்கம், மூன்று கடை, சித்தருக்கு சோடா. அவர் சிரித்து முடித்ததும் பேராசிரியர் பக்கம் திரும்பி, "இவரைத் திரும்பவும் எண்ணச் சொன்னது யாரு?" என்றார். பேராசிரியர் தண்ணீர் குடித்தார். வேறு கேள்வி இல்லை.

பட்டம் வந்த வாரம் அறிக்கையின் ஒரு பிரதியைத் தனலட்சுமியிடம் கொடுத்தேன். மொத்தம் தொண்ணூற்று நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"மல்லித் தோட்டம் மல்லித் தோட்டமாவே இருக்கட்டும்னு போட்டிருக்கு."

"இதச் சொல்லவா சார் ரெண்டு வருசம் படிச்சீங்க?"

அந்த வாக்கியத்தை அன்றைய டைரியில் அப்படியே எழுதிக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டேப்பைப் பிரிக்கும் முன்பு, அங்கே இருப்பவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று கேட்டு, அவர் சொல்வதை ஃபீல்டு புக்கின் முதல் வரியாக எழுதுங்கள். இப்போது என் அறிக்கைகளில் கையெழுத்து என்னுடையது. அதைப் போடும் முன் அந்த முதல் வரி எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பார்ப்பேன். ஃபீல்டு புக்கை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன்.