நண்டு ஷெட்டில் சாப்பிட உட்கார்ந்தேன்

சபையாரே, கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்காமல் சொல்லப்போகிறேன். எனக்கு மனச்சிதைவு நோய். பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். காதில் கேட்ட குரல்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. மனிதர்களைக் கண்டால் வரும் பயம் மட்டும் போகவில்லை.

மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் நண்டுச் சதை எடுக்கும் ஷெட்டில் வேலை பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் எனக்கு நரகம். பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றும். சோற்றை அள்ளினால் பாதி மடியில் சிந்தும். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய், நின்றுகொண்டே நாலு வாய் விழுங்குவேன். மீதியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவேன். உடம்பு வற்றிவிட்டது.

ஜெபிக்க வந்த ஓர் அக்கா, "விசுவாசம் இருந்தா மாத்திரைய நிப்பாட்டு தாயி" என்றார். முன்பு ஒரு தடவை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான்.

"மாத்திரையும் ஆண்டவர் குடுத்ததுதான்க்கா. நிப்பாட்ட மாட்டேன்" என்றேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, அந்த ஷெட்டுப் பெண்கள் வாயை அடைத்துப்போடும்.

போன மாசியில் ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அந்தக்கா ஏன் அங்கன போய் நிக்கிறாக?"

பல வருடமாக என்னோடு வேலை பார்க்கிற செல்வி சொன்னாள்: "அதுக்கு மண்டைக் கோளாறு. கிட்டப் போகாத, கையில கத்தி வச்சிருக்கு."

நண்டு உடைக்கிற கத்தி எங்கள் எல்லார் கையிலும்தான் இருக்கிறது. இது என் தலைக்குள் கேட்ட குரலும் இல்லை. புதுப்பெண்ணின் முகம் மாறியதைக் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருடம் எதற்குப் பயந்தேனோ அது நடந்தேவிட்டது. 'ஆண்டவரே' என்றேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. ஆனால் கால் நடந்தது. அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

"ஆமா, எனக்கு மனநோய்தான். மாத்திரை போடுறேன். யார் மேலயாச்சும் ஒரு கீறல் போட்டிருக்கேனா? உங்களுக்குப் பயந்துதான் அங்கன நின்னேன். இனி நிக்க மாட்டேன். இங்கனதான் சாப்பிடப் போறேன்."

செல்வி குனிந்து சோற்றைப் பிசைந்தாள். புதுப்பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்கக்கா. என்ன கொழம்பு?"

"காரல் மீன்."

சோறு மடியில் சிந்தியது. சிந்தட்டும் என்று முழுவதையும் சாப்பிட்டேன்.

அவர்கள் வாயை அடைக்கச் சொல்லிக் கேட்டேன். கர்த்தர் என் வாயைத் திறந்தார்.

பயம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் யாராவது சிரித்தால் திரும்பிப் பார்க்கிறேன். செல்வி இன்றுவரை என் பக்கத்தில் உட்காருவதில்லை. போகட்டும். தினமும் வட்டத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

என்னைப் போல ஒருவரை வீட்டு அறையில் விட்டுவிட்டுத் தனியாக ஆராதனைக்கு வருகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கர்த்தரை நம்பி அவர்களைக் கூட்டி வாருங்கள். அவர்களைப் பார்த்து அவர் வெட்கப்படமாட்டார். வெட்கப்படுகிறவர்கள் வேண்டுமானால் பின்வரிசைக்குப் போகட்டும்.