தற்காப்புக் கப்பல்

சிட்னித் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பலைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம். முன்னால் என் மகளின் கணவன், ஜப்பானியன், பெயர் கெஞ்சி. ஜப்பான்காரர்கள் சயாமில் போட்ட ரயில்பாதையில் என் அண்ணன் செத்ததைச் சொல்லி, இவன் எவ்வளவு கெஞ்சியும் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இப்போதுதான் முதல்முறையாக மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

“போர்க்கப்பல் பெரிசுதான்” என்கிறேன்.

பின்னால் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர் சிரிக்கிறார். “அப்பிடிச் சொல்லாதேங்கோ ஐயா. அவைக்குச் சட்டப்படி கடற்படையே இல்லையாம். இது தற்காப்புக் கப்பல்.”

“அந்தப் பீரங்கி?”

“தற்காப்புப் பீரங்கி.”

சிரித்துவிடுகிறேன். பத்து வருஷம் மகளுக்குக் கடிதம் போடாத பிடிவாதத்தை நானும் தன்மானம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கப்பல் படியில் கெஞ்சி திரும்பிக் கை நீட்டுகிறான். பிடித்துக்கொள்கிறேன். “மன்னிச்சிருங்க மாப்பிள்ளை.”

மகள் சொல்லிக்கொடுத்த தமிழில், “பரவாயில்லை மாமா, படி வழுக்கும்” என்கிறான்.