திருடன் ஷோமாரி

டார் எஸ் சலாம் நகரத்துத் தெமெக்கேயில் கொத்தனார் ஷோமாரியைத் திருடன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஓர் ஆணியைக்கூடத் திருடியதில்லை.

அந்தப் பேரை வைத்தவர் வீட்டுக்காரர் கித்வானா. நகரம் முழுக்க அப்போது கண்ணாடி மோகம். கடற்காற்று நுழையத் தன் வீட்டுச் சுவரில் வைத்திருந்த, துளை போட்ட ஜாலிக் கற்களைச் சிமெண்டால் அடைத்து, திறக்காத கண்ணாடியைப் பதிக்கச் சொன்னார். ஷோமாரியும் அடைத்தான், தான் வாடகைக்கு இருந்த அறை உட்பட. புத்தி எங்கே போயிற்றோ!

பிப்ரவரியில் தகரக் கூரைக்குக் கீழே அந்த அறை கொதித்தது. நான்கு மாதக் குழந்தை ரெஹெமாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை வலிப்பு. இனியும் அந்த அறையில் படுக்கவைத்தால் பிழைக்காது என்றாள் நர்ஸ்.

"பெரியவரே, என் ரூம் ஜாலியை மட்டும் திறந்துக்கிறேன்."

"சுவத்துல கை வச்சே, கையை ஒடிச்சிருவேன்!"

அன்று மத்தியானமே ஷோமாரி சம்மட்டியை எடுத்தான். மூன்றாவது அடி விழும்போது கித்வானா தெருவில் நின்று கத்தினார்: "திருடன்! சுவரை உடைக்கிறான்! திருடன்!"

அந்த ஊரில் அந்தச் சொல் போதும், யார் என்ன என்று எவனும் கேட்கமாட்டான். முதல் கல் நெற்றியைப் பிளந்தது. இரும்புக் கம்பி வலது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தவனை மிதித்தார்கள். எரிப்பதற்கு ஒருவன் டயரை உருட்டி வந்தான். நேற்றுவரை அவனோடு டீ குடித்தவர்கள், பாவிகள்!

அவன் மனைவி ஹாவா, கல்லை ஓங்கி நின்ற மீன்காரன் மஷாகாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அறைக்குள் தள்ளி, வெளியே தாழ் போட்டாள்.

"என் புள்ள படுக்கிற எடத்துல நீயும் கொஞ்ச நேரம் இருடா!"

உள்ளிருந்து அவன் கதவை இடித்துப் போட்ட கூச்சலில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து ஹாவா திறந்தபோது, வேர்வையில் தெப்பலாக நனைந்து, மூச்சுத் திணற வெளியே விழுந்தான்.

"வேக வச்சிட்டாங்கடா என்னை. அவனை விடுங்கடா."

மிச்சச் சுவரை உடைத்ததும் மஷாகாதான்.

ரெஹெமா பிழைத்தாள். ஷோமாரியின் கை கோணலாகவே நின்றுவிட்டது. இடது கையால் தெருத்தெருவாக ஜாலிகளைத் திறந்தான். புழுங்குதா, திருடனைக் கூப்பிடு என்பது அங்கே வழக்கமாகிப்போனது.

நாலு வருஷம் கழித்து, மூச்சிரைப்பு தாங்காமல் கித்வானாவே ஆள் அனுப்பினார். ஷோமாரி வாசலோடு நின்றான்.

"அன்னைக்கு மாதிரி தெருவுல நின்னு கத்துங்க பெரியவரே. அப்புறம் உடைக்கிறேன்."

கித்வானா இருமிக்கொண்டே கத்தினார். "திருடன்!"

தெருவே சிரித்தது. ஷோமாரியும் சிரிக்கத்தான் நினைத்தான். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும், கோணல் கை தானாக எழுந்து தலையை மறைத்துக்கொண்டது.