நாடி இல்லாத ஆள்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது, ஊசி போடத்தான் தெரியும். என் பெயர் விஜிலா. தூத்துக்குடியில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ். பதினாலு வருட சர்வீஸ். மணிக்கட்டில் விரல் வைத்தால் போதும், ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

போன ஜூன் ஒன்பதாம் தேதி, காலை 11.20. துறைமுகச் சாலையில் மயங்கிக் கிடந்த ஒரு பெரியவரை லாரி டிரைவர் ஒருவர் தூக்கிவந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. நாடி பார்த்தேன். இல்லை. பிபி மெஷின் இரண்டு தடவையும் ‘எரர்’ காட்டியது. ‘ம்ம்ம்ம்...’ என்று ஒரு மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. ஏசி என்று நினைத்தேன். “முடிஞ்சிட்டு டாக்டர்” என்றேன். பக்கத்து வார்டில் இருந்த டாக்டரும் என் பேச்சை நம்பிவிட்டார்.

ஆள் போய்விட்டால் மோதிரம், வாட்ச், பர்ஸ் எல்லாவற்றையும் உடனே கழற்றி, லிஸ்ட் எழுதி வீட்டாரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் திருட்டுப் பட்டம் வந்து சேரும். அவர் இடுப்பில் ஒரு கறுப்புப் பை இருந்தது. அதிலிருந்து வயர் ஒன்று சட்டைக்குள் போனது. ஏதோ பவர் பேங்க் என்று பிடுங்கினேன். பை ‘கீ...’ என்று அலறியது. எரிச்சலில் டிராயருக்குள் போட்டு மூடினேன். அப்போது மணி 11.31.

டிரைவர் போன் செய்ததால் 11.50க்குப் பெரியவரின் மனைவி முருகேஸ்வரி ஓடிவந்தார். டிராயருக்குள் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

“ஏளா பாவி! அவியளுக்கு நாடி அடிக்காதுளா! ஆறு வருசமா நெஞ்சுக்குள்ள பம்புதான் ஓடுது!”

ஏசி என்று நான் நினைத்தது அந்தப் பம்பின் சத்தம்; நான் பிடுங்கிப்போட்டது அதன் பேட்டரி. ஆனால் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், ஜெயிலுக்கும் போக வேண்டிவரும். “கொண்டு வரும்போதே உசிரு இல்லம்மா” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை. “அவிய ஒன்னைய சும்மா விடமாட்டாவ” என்றார். இறந்தவர் பெயர் தளவாய். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயி.

பதினாறாம் நாள். காலையிலிருந்தே என் விரலுக்கு யாருடைய நாடியும் அகப்படவில்லை. காயல்பட்டினத்து அக்கா ஒருவர் எதிரில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறார், நாடி இல்லை! கூட வேலை பார்க்கும் அனுசியா பார்த்தால் 78.

“ராத்திரி தூங்கலையாக்கா?” என்று சிரித்தாள்.

மதியம் 1.40. அனுசியா சாப்பிடப் போயிருந்தாள். கரண்ட் போனது. ஏசி நின்றது.

ம்ம்ம்ம்...

அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

நிமிர்ந்தேன். எதிர் நாற்காலியில் தளவாய்.

கையை நீட்டினார்.

“நாடி பாருளா.”

என் விரல் தானாகப் போனது. ஐஸ் மாதிரி இருந்தது.

“துடிப்பில்லாம ரத்தம் ஓடி ஓடி... குழாயெல்லாம் வெறைச்சுப் போச்சு. குடலுக்குள்ள கசிஞ்சுது. அதுலதான் மயங்குனேன். ரத்தம் ஏத்தியிருந்தா பொழச்சிருப்பேன்.”

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி...”

“மாட்டேன்.”

அவர் கை திரும்பியது. என் மணிக்கட்டைப் பிடித்தது.

ம்ம்ம்ம்...

இப்போது எனக்குள்ளே.

1.44. கரண்ட் வந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

மூன்று வாரம் கழித்து எனக்கு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. மயங்கி விழுந்தேன். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றினார்கள், எல்லா ஸ்கேனும் எடுத்தார்கள். பெரிய டாக்டர் ரிப்போர்ட்டை நெடுநேரம் பார்த்தார்.

“குடல்ல சின்னச் சின்ன ரத்தக்குழாய் கசியுது. பெரிய குழாயெல்லாம் விறைச்சிருக்கு. ரத்தம் துடிப்பே இல்லாம ஒரே சீரா ஓடுது. பல வருஷம் நெஞ்சுல பம்பு வெச்சவங்ககிட்டதான் இதைப் பார்த்திருக்கேன். உங்களுக்கு எப்போ வெச்சாங்க?”

எனக்கு வயது முப்பத்தெட்டு. என் உடம்பில் இதுவரை ஒரு தையல்கூடப் போட்டதில்லை.